சைக்கிள் ரயிலேறிய கதை

ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறைக்கு முந்தைய நாள், காட்டுப்பாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் ஒரு சிறு கூட்டம் கூடும். நாங்கள் நால்வர்: கல்லூரியில் தமிழ் நடத்துவோர் இருவர், அஞ்சல் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் பட்டறை வைத்திருப்பவர் ஒருவர். எங்கள் முன்னே நான்கு சைக்கிள்களும், அரிசி மண்டியில் வாங்கிய கோணிகளும், சணல் கயிற்றுப் பந்தும், கோணி ஊசியும், பழைய செய்தித்தாள் கட்டும் கிடக்கும். கோணிகளை அளவெடுத்து வெட்டி, ஓரம் தைத்து, சுருட்டிக் கேரியரில் கட்டிக்கொள்வோம். மாலையில் எழும்பூர்வரை மிதித்துப்போய், பார்சல் அலுவலக வாசலில் வைத்துச் சைக்கிள்களைச் சாக்குக்குள் புகுத்தி, இரவு ரயிலேறி, மறுநாள் காலை திருநெல்வேலியிலோ நாகர்கோவிலிலோ இறங்குவோம். அங்கிருந்து கடற்கரை ஓரமாக வடக்கு நோக்கி மிதித்து வருவது வழக்கம்.

இரண்டாம் மாடியில் இருக்கும் பெரியவர் நெடுங்காலம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் தையல் வேலையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒருமுறை கேட்டார்: "சைக்கிள்லயே ஊர் சுத்தப் போறீங்கன்னா, அதை எதுக்கு சார் ரயில்ல ஏத்தறீங்க?"

கேலியாகக் கேட்கப்பட்ட கேள்விதான். ஆனால் நாங்கள் நால்வரும் சட்டென விடை சொல்ல இயலாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தன் காலே தனக்குத் துணை என்று புறப்படுகிறவன், அந்தக் காலின் நீட்சியான சைக்கிளை ஏன் பிறர் முதுகில் ஏற்றவேண்டும்? யோசித்துப் பார்த்தால், சைக்கிள் பயணத்தின் வரலாறு முழுவதும் இந்த முரண் கூடவே வருவதைக் காண்கிறோம். சைக்கிள் மனிதனைச் சுமந்த தொலைவை எல்லோரும் எழுதிவைத்தார்கள். சைக்கிளைக் கப்பலும் ரயிலும் சுமந்த தொலைவைத்தான் யாரும் பெரிதாகப் பேசவில்லை.

உலகைச் சைக்கிளில் முதன்முதலில் சுற்றியவர் எனப்படும் தாமஸ் ஸ்டீவன்ஸிலிருந்தே தொடங்கலாம். 1884 ஏப்ரலில் சான்பிரான்சிஸ்கோவில் புறப்பட்டவர் 1886 டிசம்பரில் யோகோஹாமாவில் பயணத்தை முடித்தார். அவர் ஏறியது இன்று நாம் அறிந்த சைக்கிள் அன்று. 50 அங்குல முன்சக்கரமும் சிறு பின்சக்கரமும் கொண்ட அந்த உயர வண்டி. ஏறத்தாழ 13,500 மைல் மிதித்தார் என்பது உண்மை. ஆயினும் ஆப்கானிஸ்தானத்தில் மறித்துத் திருப்பி அனுப்பப்பட்டபின் ரயிலும் கப்பலுமாகச் சுற்றிக்கொண்டே இந்தியா வந்தார். கிராண்ட் டிரங்க் சாலையில் கல்கத்தாவரை மிதித்து, அங்கிருந்து மறுபடியும் கப்பலில் ஹாங்காங் போனார். கடலை மிதித்துக் கடக்க இயலாது என்பதால் இதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. பத்தாண்டு கழித்து, 1894-95இல், ஆனி லண்டன்டெரி என்ற பெண் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு எகிப்து, கொழும்பு, சிங்கப்பூர் வழியாக உலகைச் சுற்றி வந்தபோது மட்டும், சைக்கிளில் போனதைவிடச் சைக்கிளை உடன் கொண்டுபோனதே அதிகம் என்று ஏளனம் எழுந்தது. அவர் பெரும்பகுதி கப்பலில் போனவர் என்பது மெய்தான். என்றாலும் ஆண் சுமந்தால் வீரம், பெண் சுமந்தால் ஏமாற்று என்ற அளவுகோல் அன்றே இருந்ததைக் குறித்துக்கொள்கிறோம்.

நம் நாட்டுக்கு மிக நெருங்கிய சான்று ஒர்க்மன் தம்பதியர். அமெரிக்கரான ஃபேனி புல்லக் ஒர்க்மனும் கணவர் வில்லியம் ஹண்டர் ஒர்க்மனும் 1897ஆம் ஆண்டின் இறுதியில் கீழ்த்திசைக்குப் புறப்பட்டு, இலங்கையைச் சுற்றிவிட்டுக் குமரிமுனையிலிருந்து இமயம் நோக்கிச் சைக்கிளில் சென்றார்கள். அவர்கள் 1904இல் வெளியிட்ட நூலின் துணைத்தலைப்பே 14,000 மைல் என்று கணக்குச் சொல்கிறது. கோயில் கட்டடக் கலையைக் காண்பதுதான் அவர்கள் நோக்கம். உள்ளூர் மக்கள்மேல் அவர்களுக்கு இருந்த பார்வையில் காலனியக் கால மேட்டிமை உண்டு. அதைப் பொறுத்துக்கொண்டுதான் அவர்களைப் படிக்கவேண்டியிருக்கிறது. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அவர்கள் மிகக் குறைந்த சாமான்களோடு பயணம் செய்தார்கள். உணவும் பிறவும் கிடைக்கவேண்டும் என்பதற்காக ரயில் பாதையை ஒட்டியே மிதித்தார்கள். தங்க இடமில்லாத ஊர்களில் ரயில் நிலையக் காத்திருப்போர் அறைகளில் உறங்கினார்கள். ஒரே நாளில் நாற்பது பஞ்சர்வரை ஒட்டிய நாளும் உண்டாம். நம் சாலையோர முள்ளுக்கு அன்றும் இன்றும் அமெரிக்கன், இந்தியன் என்ற பேதமில்லை.

ஆக, தென்னாட்டில் நிகழ்ந்த முதல் நெடும் சைக்கிள் பயணங்களுள் ஒன்று ரயிலின் நிழலிலேயே நடந்திருக்கிறது. சாலை அவர்களுக்கு வழி, தண்டவாளம் துணை. எங்கள் பெரியவரின் கேள்விக்கு இதுவே பாதி விடை.

மறுபாதி ஒரு நீதிமன்றத்தில் இருக்கிறது. 1890களில் இங்கிலாந்தில் சைக்கிள் மோகம் உச்சத்தில் இருந்தது. 1878இலேயே அங்கே சைக்கிள் சுற்றுலாச் சங்கம் அமைந்துவிட்டது. ஞாயிறன்று நகரத்திலிருந்து ரயிலில் சைக்கிளோடு வெளியேறி நாட்டுப்புறத்தில் மிதிப்பவர் பெருகினர். அப்போது ஒரு கேள்வி பிறந்தது: பயணச்சீட்டு வாங்கியவன் தன்னோடு இலவசமாகக் கொண்டுசெல்லக்கூடிய 'சாதாரணப் பயணச் சுமை'யில் சைக்கிள் சேருமா, சேராதா? 1899இல் வெளிவந்த பிரிட்டன் எதிர் கிரேட் நார்தர்ன் ரயில்வே என்ற வழக்கின் தீர்ப்பு, சேராது என்றது. (இங்கே பிரிட்டன் என்பது நாட்டின் பெயரன்று, வழக்குத் தொடுத்த மனிதரின் பெயர்.) அதற்கு முன்பே 1871இல் மேக்ரோ வழக்கில், பயணி தான் சார்ந்த வகுப்பாரின் வழக்கத்துக்கும் தேவைக்கும் ஏற்பத் தன் சொந்தப் பயன்பாட்டுக்குக் கொண்டுசெல்வதே பயணச் சுமை என்ற இலக்கணம் வகுக்கப்பட்டிருந்தது. அந்த வழக்கில் படுக்கை விரிப்புகள்கூடச் சுமையில் சேராமற்போயின. நம் ஊரிலோ ஒரு தலைமுறைக்கு முன்வரை, ஹோல்டால் என்ற படுக்கைச் சுருள் இல்லாமல் தொலைதூர ரயிலேறிய நடுத்தரக் குடும்பத்தைக் காண்பதே அரிதாக இருந்தது!

'சார்ந்த வகுப்பாரின் வழக்கம்' என்ற அந்தத் தொடரை நாம் சற்று நின்று பார்க்கவேண்டும். எது சுமை என்பதைப் பொருளின் எடையோ நீள அகலமோ மட்டும் தீர்மானிக்கவில்லை. அதைத் தூக்கி வருபவர் யார் என்பதும் தீர்மானித்தது. இன்றைய இந்திய ரயில்வே விதிகளில் அந்தக் கருத்தின் சாயலைக் காண்கிறோம். தூங்கும் வகுப்புப் பயணி 40 கிலோவும், முதல் வகுப்புக் குளிர்சாதனப் பெட்டிப் பயணி 70 கிலோவும் கட்டணமின்றிக் கொண்டுபோகலாம். ஆனால் ஸ்கூட்டர், சைக்கிள் போன்றவற்றுக்கு அந்தச் சலுகை கிடையாது. 100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரத்துக்கு மேற்பட்ட பெட்டிகளும் பயணியர் பெட்டிக்குள் வரக்கூடாது. கார்டு பெட்டியோடு இணைந்த சரக்கறைக்குப் போகவேண்டும். பதினைந்து கிலோ எடையுள்ள சைக்கிளுக்குக் கட்டணம் கட்டி நிற்கையில், பக்கத்தில் ஐந்து பெட்டிகளோடு ஏறும் குடும்பத்தை நாங்கள் பொறாமையோடு பார்ப்பதுண்டு.

சைக்கிள் வண்டியா, சுமையா என்ற குழப்பம் நம் உள்ளாட்சிகளில் வேறு விதமாக விளையாடியது. முன்பெல்லாம் சைக்கிளுக்கு வரி உண்டு. நகராட்சியிலோ பஞ்சாயத்திலோ பணம் கட்டி ஒரு தகர வில்லை வாங்கி வண்டியில் மாட்டவேண்டும். மாட்டாதவரைப் பிடித்து நிறுத்தும் ஊழியரைக் கண்டு சந்துக்குள் திரும்பிய அனுபவம் நம் தந்தையர் தலைமுறைக்கு நிறைய. ஊராட்சிக்கு அது வண்டி, ஆகவே வரி. ரயிலுக்கு அது சுமை, ஆகவே கட்டணம். இரண்டு பக்கமும் செலுத்தியவர் சைக்கிள்காரர்.

1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் உலகைச் சுற்றப் புறப்பட்டார்கள். அவர்களில் ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பூம்காரா ஆகிய மூவர் 44,000 மைல் மிதித்து 1928 மார்ச்சில் ஊர் திரும்பினர். அவர்கள் எழுதிய நூல் 1931இல் ஜவாஹர்லால் நேருவின் முன்னுரையோடு வந்தது. பாரசீகப் பாலையையும் சைனாயையும் மிதித்தே கடந்த அந்த மூவரும்கூடப் பெருங்கடல்களைக் கப்பல் தளத்தில்தான் கடந்தார்கள். அவர்கள் ஏறியவை வெளிநாட்டுச் சைக்கிள்கள். அப்போது இந்தியாவில் ஓடிய சைக்கிள்களில் மிகப் பெரும்பாலானவை கப்பலில் வந்தவையே. முழு வண்டியாக அல்ல, பாகம் பாகமாகப் பிரித்து மரப்பெட்டிகளில் அடுக்கப்பட்டு வந்தவை. துறைமுகத்தில் இறங்கியபோது சைக்கிள் ஒரு மூட்டைதான். கடைக்காரர் பூட்டியபின்புதான் அது வண்டியாயிற்று.

இந்த இடத்தில் கதை எங்கள் மேற்குப் புறநகருக்குள் நுழைகிறது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைவரை ஓடியது. அம்பத்தூர், ஆவடி வழியாகச் செல்லும் மேற்குப் பாதை அதன் வழிவந்ததே. அந்தப் பாதையோரத்தில், அம்பத்தூரில், முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் கூட்டாக 1949இல் நிறுவிய டி.ஐ. சைக்கிள்ஸ் தன் ஆலையை அமைத்தது. 1951 முதல் ஹெர்குலிஸ் சைக்கிள்கள் அங்கிருந்து வரத் தொடங்கின, பின்னர் பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் பெயர்களும் சேர்ந்தன. ஆங்கில நிறுவனத்தின் தலைவராக இருந்த சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டின் பெயரில் அம்பத்தூரில் ஒரு மருத்துவமனையே இருக்கிறது. அந்த மருத்துவமனைக்குப் போய்வந்த எங்கள் பகுதி மக்களில் பலருக்கு அது ஒரு சைக்கிள்காரரின் பெயர் என்பது தெரியாது.

இந்தியச் சைக்கிள் வணிகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆலையிலிருந்து சைக்கிள் முழுதாகப் பூட்டப்பட்டு வெளியேறுவதில்லை. சட்டம் தனி, சக்கரம் தனி, மட்கார்டு தனி, உதிரிகள் ஒரு அட்டைப்பெட்டி என்று பிரித்தே அனுப்புவார்கள். ஊர்க் கடையில் இருக்கும் மெக்கானிக் அதைப் பூட்டுவார். அடக்கமாக அடுக்கினால் ஒரு லாரியில் ஏற்றக்கூடிய எண்ணிக்கை பல மடங்காகிறது என்பது கணக்கு. ஆகவே, சைக்கிளைக் கழற்றிக் கட்டும் கலை வெளிநாட்டுச் சுற்றுலாக்காரன் நமக்குக் கற்பித்ததன்று. அது நம் தெருமுனைக் கடைகளிலேயே இருந்தது. ஆண்டுக்கொருமுறை 'ஓவராயில்' என்று வண்டியை விட்டுவிட்டு வந்தால், மறுநாள் அது நூறு துண்டுகளாக மண்ணெண்ணெய்த் தட்டில் ஊறிக்கொண்டிருக்கும். மூன்றாம் நாள் ஒரு மணிகூடக் குறையாமல் நிற்கும்.

எங்களுக்குக் கட்டக் கற்றுக்கொடுத்தவரும் அப்படியொரு கடைக்காரர்தான். குமணன்சாவடிப் பக்கம் சிறு கூரை போட்ட கடை. முதல் பாடம் பெடல். வலப்பக்கத்துப் பெடல் மற்ற எல்லாத் திருகுகளையும்போல இடமாகத் திருகினால் கழலும். இடப்பக்கத்துப் பெடலுக்குத் திருகு எதிர்மறை, வலமாகத் திருகவேண்டும். இதை அறியாமல் வலிமையெல்லாம் காட்டி அதை மேலும் இறுக்கி முடித்த பேராசிரியரை அவர் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. இரண்டாம் பாடம், எதைக் கழற்றக்கூடாது என்பது. பழைய கறுப்பு ரோட்ஸ்டர் வண்டிகளில் பிரேக் வயரில் இயங்குவதில்லை, கம்பிகளில் இயங்கும். ஹேண்டில்பாரிலிருந்து சக்கர விளிம்புவரை மூட்டு மூட்டாக இறங்கும் அந்தக் கம்பிகளைப் பிரித்தால், சேருமிடத்தில் மீண்டும் சீராக்க அரை நாள் போய்விடும். ஆகவே அந்த வண்டிகளை யாரும் பிரிப்பதில்லை. முழு வண்டியாகவே ஹேண்டில்பாரிலும் சட்டத்திலும் வைக்கோலைச் சுற்றி, மேலே கோணி இட்டுத் தைத்துவிடுவார்கள். ஊருக்கு மாற்றலாகிப் போன ஆசிரியர்களும் தபால்காரர்களும் அப்படித்தான் தங்கள் வண்டிகளை ரயிலில் ஏற்றினார்கள். ரயில் நிலைய வாசல்களில் மோட்டார் சைக்கிள்களை வைக்கோலிட்டுக் கட்டித்தரும் தொழிலாளர் கையில் இன்றும் அந்த மரபு உயிரோடிருக்கிறது.

இப்போதைய கியர் சைக்கிளுக்கு வேறு கவனம் வேண்டும். முன்சக்கரத்தைக் கழற்றிச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டும்போது ஃபோர்க்கின் இரு முனைகளுக்கிடையில் ஒரு மரத்துண்டு வைக்கவேண்டும். இல்லையேல் மேலே விழும் ஒரு மூட்டை அதை நெளித்துவிடும். பின்கியரைத் தாங்கும் சிறு உலோகக் காது மிக மெலிந்தது. கியரை அவிழ்த்துத் துணியில் சுற்றிச் சட்டத்தின் உட்புறம் கட்டிவிடுவது நல்லது. செயினுக்குச் செய்தித்தாள். உதிரிகளை வண்டியோடு கட்டாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளவேண்டும். மாற்று டியூபைக் கையிலெடுக்கும்போதெல்லாம் எங்களில் ஒருவருக்குப் புறநானூறு நினைவு வந்துவிடும். அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடும்போது, மேடும் பள்ளமும் அறியாத வழியில் உப்பு வண்டி செலுத்தும் உமணர் பாரின் அடியில் கட்டிச்செல்லும் மாற்று அச்சை உவமையாக்குகிறார். நெடுவழி போகிறவன் வழியில் உடையக்கூடியதை முன்பே உணர்ந்து கட்டிக்கொண்டான் என்ற செய்தி ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே பாட்டாகியிருக்கிறது. அன்று உமணனின் மாட்டுவண்டியை யாரும் நிறுத்துப் பார்த்து ரசீது எழுதவில்லை என்பது மட்டும் வேறுபாடு.

ரசீது என்றதும் எங்கள் முதல் பயணம் நினைவுக்கு வருகிறது. ரயில்வேயில் 'லக்கேஜ்' என்பதும் 'பார்சல்' என்பதும் ஒன்றல்ல. பயணச்சீட்டைக் காட்டிப் பதிவு செய்தால் அது லக்கேஜ்; நாம் போகும் அதே ரயிலில் வரவேண்டியது. சீட்டின் தொடர்பின்றிப் பதிவு செய்தால் பார்சல். இடமிருக்கும் ஏதோ ஒரு ரயிலில் வரும். இரண்டுக்கும் ஒரே சாளரம், ஏறத்தாழ ஒரே மாதிரித் தாள். அந்த நாளில் நாங்கள் இதை அறியவில்லை. சாளரத்துக்கு அப்பால் இருந்தவரும் சொல்லவில்லை. காலையில் தென்கோடிச் சந்திப்பு ஒன்றில் இறங்கிச் சரக்கறைக் கதவருகே ஓடினோம். முட்டைக் கூடைகளும் மீன்பெட்டிகளும் இறங்கின. சைக்கிள்கள் இல்லை. தலைக்கவசமும் கையுறையும் அணிந்த நால்வர் சைக்கிளின்றி நடைமேடையில் நின்ற காட்சியைக் கண்டு ஒரு சிறுவன் தன் தாயிடம் என்னவோ கேட்டுச் சிரித்தான். மறுநாள் பிற்பகல்தான் மூன்று வண்டிகள் வந்தன. நான்காவது அதற்கும் அடுத்த நாள், ஒரு கரண்டிபோல வளைந்த மட்கார்டோடு. பட்டறை நண்பர் அதை நடைமேடைச் சிமெண்டுப் பலகையில் வைத்தே தட்டி நிமிர்த்தினார். ஐந்து நாள் பயணம் மூன்று நாளாயிற்று.

அதன்பின் லக்கேஜாகவே பதிவு செய்கிறோம். ரயில் புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்பே போகிறோம். ஓரிரு நிமிடமே ரயில் நிற்கும் சிற்றூர்களுக்கு எங்களுக்குப் பதிவு கிடைத்ததில்லை. இறக்க நேரம் போதாது என்பார்கள். அதனால் எங்கள் பயணங்களெல்லாம் சந்திப்பு நிலையங்களிலேயே தொடங்குகின்றன. வரைபடத்தை விரித்து வழி வகுப்பதாக நாங்கள் பெருமை பேசினாலும், உண்மையில் வழியின் முதற்புள்ளியை வகுத்தது சரக்கறைக் கதவுதான்.

பேருந்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெளியூர்ப் பேருந்துகளின் கூரையில் இரும்புக் கம்பித் தடுப்பும் பின்புறம் ஏணியும் இருந்த காலத்தில், கிளீனர் ஒருவர் மேலிருந்து கயிறு விட, சைக்கிள் வாழைத்தார்களுக்கும் கோழிக்கூண்டுகளுக்கும் நடுவே படுத்துக்கொண்டு பயணம் போகும். லக்கேஜ் டிக்கெட்டை நடத்துநரோடு பேசித்தான் முடிக்கவேண்டும். கூரைகள் வழுக்கையாகிவிட்ட பின், அடியில் உள்ள சாமான் அறையில் இரண்டு சக்கரங்களையும் கழற்றிப் படுக்கவைத்தால் இடம் கிடைக்கிறது. அதுவும் பேருந்து நிரம்பாத நாளில்.

பிற நாடுகளில் இந்தச் சிக்கலை அவிழ்த்த விதம் சுவையானது. சைக்கிளுக்கு ரயிலில் இடம் தரச் சொல்லி மன்றாடுவதற்குப் பதிலாக, சைக்கிளை மறையச் செய்துவிட்டார்கள். சக்கரத்தை ஸ்பேனர் இன்றி ஒரு நெம்புகோலால் கழற்றும் பூட்டை இத்தாலியப் பந்தய வீரர் துல்லியோ கம்பாக்னோலோ 1930இல் உருவாக்கினார்; பந்தயத்துக்காகப் பிறந்த அது, பின்னாளில் பயணிக்கும் பயன்பட்டது. ஆண்ட்ரூ ரிச்சி என்ற பொறியாளர் 1970களின் நடுவில் லண்டனில் தன் அறையிலேயே வடித்த பிராம்ப்டன் மடிப்புச் சைக்கிள், மடக்கினால் ஒரு நடுத்தரப் பெட்டி அளவாகிவிடும். ஜப்பானியரிடம் இதற்குத் தனிச் சொல்லே இருக்கிறது: 'ரின்கோ'. சைக்கிளைப் பிரித்து, அதற்கென்று தைத்த பையில் முழுதும் மூடி, தோளில் மாட்டிக்கொண்டு ரயிலேறுவது. பைக்குள் முழுவதும் அடங்கிவிட்டால் அது வண்டியன்று, பயணியின் கைச்சுமை. ஒரு கைப்பிடி வெளியே தெரிந்தாலும் அது வண்டி. 1899இன் ஆங்கிலத் தீர்ப்புக்கு இதைவிட நேர்த்தியான மறுமொழியை நாம் அறியோம்.

ஆனால் இந்த மறுமொழி யாருக்கு எட்டும் என்பதுதான் எங்களை உறுத்துவது. மடிப்புச் சைக்கிளின் விலையில் நம் மாணவர் ஒருவரின் கல்லூரிப் படிப்பே முடிந்துவிடும். தமிழ்நாட்டில் 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு என்று தொடங்கி, பின்னர் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிகளின் பதினொன்றாம் வகுப்பு மாணவருக்கெல்லாம் விரிந்த விலையில்லா மிதிவண்டித் திட்டத்தில் பெற்ற சைக்கிளோடுதான் எங்கள் மாணவர் பலர் கல்லூரிக்கு வருகிறார்கள். அந்தச் சைக்கிள் மடங்காது, பைக்குள் அடங்காது, நெம்புகோல் பூட்டும் இல்லை. எங்களோடு ஒருமுறை வர விரும்பிய ஒரு மாணவர், பதிவுக் கட்டணம், கோணி, கூலி எல்லாவற்றையும் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு, "நான் இங்கேருந்தே மிதிச்சு வந்து உங்களைப் பாதி வழியில சந்திக்கிறேன் ஐயா" என்றார். சொன்னபடி விழுப்புரம் தாண்டி வந்து சந்திக்கவும் செய்தார்.

அந்தப் பழைய கார்டு பெட்டிதான் அவரைப் போன்றவருக்குரிய இடம். ரயில்வேயில் அதற்கு எஸ்.எல்.ஆர். என்று பெயர்: பாதி இருக்கை, பாதி சரக்கறை. (அம்பத்தூரில் பிறந்த பி.எஸ்.ஏ. சைக்கிள் ஒன்றுக்கும் எஸ்.எல்.ஆர். என்றே பெயர் அமைந்தது தற்செயல்தான். ஆனாலும் இந்த எஸ்.எல்.ஆரை அந்த எஸ்.எல்.ஆரில் ஏற்றுவதாக எங்களுக்குள் ஒரு பழைய வேடிக்கை உண்டு.) அந்தச் சரக்கறைகளைத் தனியாருக்குக் குத்தகை விடும் முறை வந்தபின், பயணியின் சைக்கிளுக்கு எஞ்சும் இடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. 1955இல் தொடங்கிய பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் உருவாகி 2019 பிப்ரவரியில் ஓடத் தொடங்கிய வந்தே பாரத் ரயிலில் சரக்கறையே கிடையாது. வேகம் கூடக் கூட ரயில் சைக்கிளை மறந்துவருகிறது. சைக்கிள் செய்த அம்பத்தூருக்கும் ரயில் பெட்டி செய்யும் பெரம்பூருக்கும் இடையே சில நிலையங்கள்தான். இரண்டையும் ஒருங்கே எண்ணிப்பார்க்க அங்கே யாருக்கும் நேரமில்லை போலும்.

காட்டுப்பாக்கத்துக்கு ரயில் இல்லாமலே இருந்தது. பாக்கம் என்பது நெய்தல் நிலத்து ஊர்ப்பெயர். கடலை விட்டு இவ்வளவு தள்ளி, காட்டையும் முன்னே ஒட்டிக்கொண்டு அது எப்படி இங்கே வந்தது என்று வகுப்பில் கேட்டால் மாணவர்கள் சிரிப்பார்கள். இப்போது கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி புறவழிச்சாலைவரை 26.1 கி.மீ. நீளும் மெட்ரோ வழித்தடத்தில், கடற்கரைக்கும் காட்டுப்பாக்கத்துக்கும் மறுபடி தொடர்பு ஏற்படுகிறது. ஐயப்பன்தாங்கலுக்கும் குமணன்சாவடிக்கும் இடையில் எங்கள் ஊர்ப்பெயரில் ஒரு நிலையம். 2025 மார்ச்சில் பூந்தமல்லிப் பக்கம் ஓட்டுநரில்லா ரயிலின் சோதனை ஓட்டத்தைக் காண, அண்ணாந்து பார்த்தபடி சாலையில் நின்றவர்களில் நாங்களும் இருந்தோம். கொச்சி மெட்ரோ 2020 நவம்பரில், முதலில் சில நிலையங்களில், சைக்கிளைப் பிரிக்காமல் மடிக்காமல் அப்படியே உருட்டிக்கொண்டு ரயிலேற இசைந்தது. அந்த மாணவரின் சைக்கிளும் அப்படி ஏறலாம் என்றால், கோணிக்கும் சணலுக்கும் வேலையில்லை.

பெரியவர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, தம் காலத்தில் பேருந்தின் கூரையில் எத்தனை சைக்கிள்களை ஏற்றியிருப்பேன், ஒன்றுகூடக் கீழே விழுந்ததில்லை என்றார். பிறகு எங்கள் முடிச்சுகளைச் சோதித்து, இரண்டை அவிழ்த்துத் தாமே போட்டுக்கொடுத்தார். அதற்கு லாரி முடிச்சு என்று பெயராம். இழுத்தால் இறுகும், ஒரு நுனியைச் சுண்டினால் அவிழும்.

மாலை நான்கு மணிக்கு மெட்ரோ தூண்களின் நிழலிலேயே போரூர்வரை மிதித்தோம். எழும்பூரில் சைக்கிள்களைச் சாக்குக்குள் புகுத்தித் தைத்தபின், வழக்கம்போல அட்டைகளில் பெயர் எழுதிக் கட்டினார் அஞ்சல் துறை நண்பர். அனுப்பும் நிலையம் என்ற இடத்தில் நான்கு அட்டையிலும் சென்னை எழும்பூர் என்று எழுதியவர், தன் அட்டையில் மட்டும் அதன் கீழே சிறிய எழுத்தில் காட்டுப்பாக்கம் என்று சேர்த்தார். சாளரத்தில் இருந்தவர் அதைப் படித்துவிட்டு, அது எந்தக் கோட்டத்தில் இருக்கிறது என்று கேட்டார்.